தன்பாலீர்ப்பு பற்றிய பொதுச் சொற்பொழிவுகள்: போய்க் கேட்டவர்கள் பகிருங்கள்

அடையாறு அம்மா:

யாராவது இந்த மாதிரி உரைகளுக்குப் போயிருந்தால் எழுதுங்கள். என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

தன்பால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு பற்றித் தீர்ப்பு சொன்ன 2018 செப்டம்பருக்குப் பிறகுதான், தான் ஆண்களை விரும்புகிறவன் என்று என் மகன் எங்களிடம் சொன்னான். அவன் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நான் அவனைக் கட்டிக்கொண்டேன். ஆனால் அப்புறம் என்ன பேசுவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, ஒன்றும் புரியவில்லை. உறவுக்காரர் ஒருவர் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னார். மாற்றிவிடலாம் என்றாராம் அந்த டாக்டர். மகன் வர மறுத்தான், நானும் வற்புறுத்தவில்லை.

பின்னால் ஒருநாள் நுங்கம்பாக்கத்தில் ஓர் உரை இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அனுமதி இலவசம், யாரும் வரலாம் என்றார்கள். தனியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பேசியவர் ஒரு வழக்கறிஞர். மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போன வழக்கை விளக்கினார். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டுதான் 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். ‘குணப்படுத்துகிறேன்’ என்று யாராவது இறங்கினால் உரிமம் பறிபோகும் அளவுக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு அந்த டாக்டர்தான் நினைவுக்கு வந்தார்.

பக்கத்தில் ஒரு பெரியவர் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் அவராகவே பேசினார். “பெரம்பூர்லேருந்து வர்றேன்மா. என் பொண்ணு பெங்களூர்ல இன்னொரு பொண்ணோட இருக்கா. அவகிட்ட எதையாவது கேட்டா சண்டை ஆயிடுது. அதான், இங்க வந்து தெரிஞ்சுக்கலாம்னு.” நான் என் மகனைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆலோசகரிடம் போனால் எதற்கு வந்தேன் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். உரை கேட்க வந்தவளிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. எங்களைப் போன்ற பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஏற்பாடு செய்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

திருவான்மியூர் ஆய்வு மாணவன்:

அம்மா, நீங்கள் சொன்னதை நான் ஆம்ஸ்டர்டாமில் பார்த்தேன். அங்கே பல்கலைக்கழகத்தில் தன்பாலீர்ப்பு ஆய்வுகளை வளர்ப்பதற்கென்றே ஜார்ஜ் மோசே பெயரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. மோசே 1918-இல் பெர்லினில் பிறந்த யூதர், பெரிய பத்திரிகைக் குடும்பம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் நாட்டைவிட்டு ஓடிய பையன், பின்னாளில் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் ஆனார். தேசியவாதமும் ‘கௌரவமான ஒழுக்கம்’ என்ற எண்ணமும் கைகோத்து யாரையெல்லாம் வெளியே தள்ளின என்று 1985-இல் ஒரு முக்கியமான நூல் எழுதினார். அவரும் தன்பாலீர்ப்பாளர்தான். 1999-இல் காலமானார்.

அவர் பெயரில் நடக்கும் உரை ஒன்றுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பாட்டிகள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் கேள்வி வரை நகரவில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு தொடர் உண்டு. கெஸ்லர் என்ற மனநல மருத்துவரின் பெயரில் நடப்பது. 1992-இல் முதல் உரையை நிகழ்த்தியவர் ஜோன் நெஸ்லே. லெஸ்பியன் பெண்களின் கடிதங்களையும் படங்களையும் பாதுகாக்க ஆவணக் காப்பகம் தொடங்கியவர்களில் ஒருவர் அவர்.

நம் ஊரில் ஆர்வம் இல்லையா என்ன? 2009-இலிருந்து தன்பாலீர்ப்பாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து போகும் வானவில் பேரணி நடக்கிறது, படவிழாக்கள் நடக்கின்றன. எல்லாம் தன்னார்வலர்கள் சொந்த நேரத்தையும் பணத்தையும் போட்டுச் செய்வது. முன்னின்று செய்கிறவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால் அந்த நிகழ்ச்சி நின்றுபோகிறது. ஆனால் அறக்கட்டளைச் சொற்பொழிவு நமக்குப் பழக்கமானதுதானே! சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெரினா வளாகத்தில் எத்தனை கேட்டிருப்போம்! அப்பா நினைவாக, ஆசிரியர் நினைவாக ஒரு தொகை வைக்கிறார்கள், அதன் வட்டியில் வருஷா வருஷம் இலக்கியமோ தத்துவமோ யாராவது பேசுகிறார்கள். இந்தத் துறைக்கும் அப்படி ஒன்று வேண்டும், அதுவும் தமிழில். பல்கலைக்கழகத்தின் அழைப்பிதழ் என்றால் பள்ளி ஆசிரியர் வருவார், பெரம்பூர் ஐயா தன் மனைவியையும் கூட்டி வருவார்.

ஓய்வு பெற்ற அலுவலர்:

பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவள் என்பதால் நடைமுறையைச் சொல்கிறேன். நன்கொடையாளர் பதிவாளருக்குக் கடிதம் எழுத வேண்டும். ஆட்சிக்குழு ஏற்றுக்கொண்டால் தொகை நிரந்தர வைப்பில் போகும். வட்டியில்தான் பேச்சாளருக்கான மதிப்பூதியம், அழைப்பிதழ், தேநீர் எல்லாம். ஒருவரே முழுத் தொகையும் தர வேண்டியதில்லை, பல குடும்பங்கள் சேர்ந்து தரலாம். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். உரை தன்பாலீர்ப்பு பற்றியதாகவே இருக்க வேண்டும், பொதுமக்களுக்கு அனுமதி உண்டு என்ற இரண்டையும் நன்கொடை ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக ‘சமூக நலன்’ என்று விட்டால், பின்னால் பொறுப்புக்கு வருகிறவர் வேறு தலைப்பு வைத்துவிட முடியும். வரைவு எழுதினால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.