ஆரக்கிள்: டிலே (தாமதம்) வைத்த மெசேஜ், கியூவை விட்டு வெளியே வரவில்லை, உதவி தேவை

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். இங்கே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் ஆரக்கிள் 11ஜி டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறேன். தோத்தாபுரி மாம்பழ லாரி எடைமேடையில் ஏறியதும் ஒரு மெசேஜ், டேட்டாபேஸில் உள்ள கியூவுக்கு (வரிசைக்கு) போகும். லேப் ரிசல்ட் வரட்டும் என்று அதற்கு 30 நிமிடம் டிலே வைத்திருக்கிறோம். பிறகுதான் பில் போடும் புரோகிராம் அதை எடுக்கும். ஞாயிறன்று ஆரக்கிள் பதிப்பு மாற்றினோம். அதிலிருந்து டிலே வைத்த மெசேஜ் ஒன்றும் வரவில்லை. டிலே இல்லாததெல்லாம் உடனே வருகிறது. வாசலில் விவசாயிகள் பில்லுக்குக் காத்து நிற்கிறார்கள்.

பதில் (தர்மபுரி):
ஜாப்_கியூ_பிராசஸஸ் என்ற ஆரக்கிள் அளவுருவின் (செட்டிங்) எண்ணைக் கூட்டிப் பாருங்க.

கேட்டவர்:
கூட்டினேன் அண்ணா, மாற்றமே இல்லை.

பதில் (ஓசூர்):
தம்பி, அது ஷெட்யூல் செய்த வேலைகளுக்கும், ஒரு கியூவிலிருந்து இன்னொன்றுக்கு மெசேஜ் கடத்துவதற்கும் உள்ளது. டிலேவைக் கவனிப்பவர் வேறு ஆள். பின்னணியில் கியூஎம்என்சி என்று ஒரு பிராசஸ் ஓடும், அது மேஸ்திரி மாதிரி. வேலை கூடக் கூட கியூ000, கியூ001 என்று ஆட்களை அதுவே இறக்கும். நேரம் வந்த மெசேஜை 'வெயிட்' நிலையிலிருந்து 'ரெடி'க்கு மாற்றுவது, காலாவதியானதை எக்ஸெப்ஷன் கியூவுக்கு (ஒதுக்கியவற்றுக்கான தனி வரிசை) அனுப்புவது, எடுத்து முடித்ததைத் துடைப்பது எல்லாம் இவர்கள் பாடு. சர்வரில் பிஎஸ் (ஓடும் பிராசஸ்களைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்க, கியூஎம்என்சி இருக்கிறதா?

கேட்டவர்:
இல்லை! அதற்கான அளவுரு ஏக்யூ_டிஎம்_பிராசஸஸ் 0 என்று காட்டுகிறது.

பதில் (ஓசூர்):
அதுதான். பதிப்பு மாற்றும்போது 0 வைத்துவிட்டு, திருப்ப மறந்திருப்பார்கள். அந்த அளவுருவைத் தொடாமல் விட்டால் 10ஜி பதிப்பிலிருந்து ஆரக்கிளே எத்தனை ஆள் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும். நாமாக 0 எழுதினால் மேஸ்திரியே வேலைக்கு வரமாட்டார். இப்போதைக்கு ஆல்டர் சிஸ்டம் கட்டளையில் மெமரிக்கு (ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்கு) மட்டும் 1 கொடுங்க, ரீஸ்டார்ட் தேவையில்லை. அப்புறம் எஸ்பிஃபைலில் (அளவுருக்களைச் சேமித்து வைக்கும் கோப்பு) அந்த வரியை ரீசெட் செய்து நீக்கிவிடுங்க. 1 என்று எழுதி வைக்க வேண்டாம். இன்னொரு விஷயம், தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் ரெடியாகும். லேப் ரிசல்ட் வராத லாரிக்குப் பில் போய்விடாமல் முதலில் பார்த்துக்கொள்ளுங்க.

கேட்டவர்:
1 கொடுத்ததும் கியூஎம்என்சி வந்துவிட்டது, 'வெயிட்' எண்ணிக்கை இறங்குகிறது. ரிசல்ட் வராத நான்கு லாரிகளை முன்பே நிறுத்தி வைத்தேன். மற்றவர்களுக்குப் பில் போய்க்கொண்டிருக்கிறது. ரொம்ப நன்றி அண்ணா. எடுத்து முடித்த மெசேஜ்களைத் துடைக்க ஆளில்லாமல்தான் கியூ டேபிள் (மெசேஜ்கள் சேரும் அட்டவணை) மூன்று நாளாகப் பெருத்தது என்பதும் இப்போதுதான் புரிகிறது.