மறுமொழி: என்ஜாம்ப்மென்ட் – "தொடரடி" வேண்டாம், "அடிதாண்டல்" என்போம்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

> பிளஸ் டூ ஆங்கிலச் செய்யுள் நடத்தும்போது என்ஜாம்ப்மென்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? "தொடரடி" என்றால் போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். முதலில் வகுப்பறைச் சிக்கல். செய்யுளில் வாக்கியம் அடியின் முடிவில் நிற்காமல் அடுத்த அடிக்குப் போவதுதான் என்ஜாம்ப்மென்ட். ஆங்கிலத்தில் அதற்கு ரன்-ஆன் லைன் என்றும் பெயர் உண்டு. அதே வகுப்பில் அதே ஆசிரியர் கட்டுரை ஏடு திருத்துகிறார். முற்றுப்புள்ளி இல்லாமல் இரண்டு வாக்கியங்களை ஒட்டவைத்த பிள்ளைக்குச் சிவப்பு மையில் ரன்-ஆன் சென்டென்ஸ் என்று எழுதிக் கொடுக்கிறார். ஒன்று நயம், மற்றது பிழை. இரண்டையும் தமிழில் "தொடர்" என்ற சொல்லை வைத்தே விளக்கினால், "டென்னிசன் செய்தால் மட்டும் சரியா சார்?" என்ற கேள்வி வரும். வரவும் வேண்டும்! ஆனால் அந்தக் குழப்பத்துக்கு நம் கலைச்சொல் காரணமாக இருக்கக் கூடாது.

ஆங்கிலக் கவிஞர் டென்னிசனைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2019இல் வந்த பிளஸ் டூ ஆங்கிலப் பாடநூலில் அவருடைய "யுலிசிஸ்" இருக்கிறது. 1842இல் அச்சேறிய கவிதை. நாடு திரும்பி அரியணையில் உட்கார்ந்துவிட்ட கிழ மன்னன், வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பேசுகிறான். பயணத்தை விட்டு என்னால் ஓய முடியாது என்கிறான். உடனே "ஐ வில் டிரிங்க்" என்கிறான். அடி அங்கே முடிகிறது. குடிப்பேன் என்றால் எதை? வகுப்பில் அங்கே நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், கடைசி பெஞ்சிலிருந்து உடனே பதில் வரும். அடுத்த அடி "லைஃப் டு த லீஸ்" என்று தொடங்குகிறது. குடிக்கப்போவது வாழ்க்கையை, அதுவும் கோப்பையின் அடியில் தங்கும் மண்டி வரைக்கும். அந்த அரை நொடி ஏமாற்றமும் அதன்பின் வரும் விரிவும் அடி முறிந்த இடத்தில்தான் பிறக்கின்றன. உரைநடையாக ஒரே வரியில் எழுதினால் பொருள் அப்படியே இருக்கும், நிகழ்ச்சி காணாமல் போய்விடும். நிற்க முடியாதவன் பேச்சும் அதையடுத்த அடிகளில் நிற்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகிறது. கடைசி அடியில்தான், முயல, தேட, காண, பணியாதிருக்க என்று நான்கு வினைகளை அடுக்கி அழுத்தமாக நிற்கிறது.

ஆகவே நமக்கு வேண்டிய சொல், அடியின் ஓரத்தில் நடக்கும் ஒரு செயலைச் சுட்ட வேண்டும். "தொடரடி" அடியின் வகையைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை.

> நன்னூலில் யாற்றுநீர்ப் பொருள்கோள் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். பொருள்கோள் என்பது செய்யுளின் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறை. அதன் வகைகளில் ஒன்று யாற்றுநீர், அதாவது ஆற்றுநீர். ஆறு என்றதும் தடையில்லாமல் ஓடுவது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நூற்பா என்ன சொல்கிறது? "அடிதொறும் வான்பொருள் அற்றற்று ஒழுகும்" என்கிறது. ஒவ்வோர் அடியிலும் பொருள் அற்று, அற்று, ஒழுகுவது. அதாவது பின்னோக்கிப் போய்ச் சொல் தேட வேண்டாதபடி அடி அடியாக முடிந்து செல்வது. நமக்கு வேண்டியதற்கு இது ஏறத்தாழ எதிர். வேடிக்கை என்னவென்றால், இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் "சொல்லருஞ் சூற்பசும் பாம்பின்" என்ற சிந்தாமணிப் பாட்டே அடியில் நிற்பதில்லை. "மேலலார்" என்று ஓர் அடி முடிய, "செல்வமே போல்" என்று அடுத்தது தொடங்குகிறது. சந்தி பிரிக்காத பதிப்பில் "தேர்ந்தநூற்" என்று மூன்றாம் அடி முடியும். அடுத்த அடியின் "கல்வி"க்காக லகரம் றகரமாகத் திரிந்து, ஒரு கால் அங்கே வைத்துவிட்டது. ஆக, பண்டம் நம்மிடம் இருக்கிறது. பொருள்கோள் என்ற பெயர் சொற்களைக் கொண்டுகூட்டும் வரிசைக்கு இட்ட பெயர், அடி எல்லையில் நடப்பதற்கு இட்டதல்ல.

குளகம் என்றே சொல்லலாம் என்று எழுதியிருந்தவருக்கும் இதே பதில்தான். குளகத்தில் பாட்டு முடிந்தும் வாக்கியம் முடியாமல் அடுத்த பாட்டின் வினையைத் தேடிப் போகிறது. எல்லை வேறு, அளவு வேறு.

தமிழில் ஏன் பெயர் வைக்கவில்லை என்பதற்கு என் ஊகம் இது: நமக்கு அது ஒரு செய்தியே இல்லை. வினைமுற்று கடைசியில் வரும் மொழி. அடைமொழிகளை முன்னே அடுக்கிக்கொண்டே போகலாம். அகவற்பாவில் பல அடிகள் கடந்தபின் ஒரே வினைமுற்றைக் காண்கிறோம். ஆங்கிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் போப் போன்றோர் ஈரடி இயைபுப் பாக்களில் அடிக்கு அடி நிறுத்தி எழுதினார்கள். நிற்பது வழக்கமானால்தான் நிற்காமல் போவது கண்ணில் படும். அவருக்கு முன்பே மில்டன், "பாரடைஸ் லாஸ்ட்" ஏன் இயைபில்லாமல் எழுதப்பட்டது என்று 1668இல் சேர்த்த குறிப்பில், பொருள் ஓர் அடியிலிருந்து மற்றோர் அடிக்குப் பலவாறு நீள்வதையே செய்யுள் இன்பங்களில் ஒன்றாகச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட மில்டன் வரை போக வேண்டியதில்லை. இரண்டாம் குறள் போதும். "கற்றதனால் ஆய பயனென்கொல் வாலறிவன்" என்று சொல்லி மூச்சு விடாத மாணவர் உண்டா? மூச்சு விட்ட இடத்தில் "வாலறிவன்" எழுவாய் போல நிற்கிறான். அடுத்த அடியில் "நற்றாள்" வந்ததும்தான் அது வாலறிவனுடைய நற்றாள் என்று தெரிகிறது. ஒருமுறை அடிக்கு அடி நிறுத்தியும், ஒருமுறை பொருளுக்கு ஏற்பவும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு யுலிசிஸுக்குப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும்.

இனி சொல். பிரெஞ்சு மூலத்தில் இருப்பது கால், எட்டுவைத்துக் கடப்பது. தமிழில் அடி என்பதே பாதம். இப்படி ஒரு பொருத்தம் தானாக அமையும்போது விட்டுவிடுவதா? இந்த மடல் இழையில் வந்த பரிந்துரைகளில் "அடிமீறல்" குற்றம் சாட்டுகிறது. "அடிகடத்தல்" என்றால் மீனம்பாக்கத்துச் சுங்க அதிகாரிகள்தாம் நினைவுக்கு வருவார்கள். "அடிதாவல்" அழகுதான். ஆனால் உலாவியின் டேபுக்கு ஏற்கெனவே பலர் தாவல் என்று எழுதுகிறார்கள். "அடிதாண்டல்" எனக்குப் பிடித்திருக்கிறது. "இங்கே அடி தாண்டுகிறது", "அடிதாண்டிய வாக்கியம்", "ஏன் தாண்டினார்?" என்று வகுப்பில் வினையாகவும் பெயராகவும் புழங்கும். கரும்பலகையில் எழுதவும் சிறியது.

ஒற்று மிகாது என்பதை மட்டும் கவனிக்கவும். அடியைத் தாண்டல், இரண்டாம் வேற்றுமைத்தொகை. தெரியாமல் "அடித்தாண்டல்" என்று எழுதினால் அடித்து ஆண்டல் என்று பிரியும். அப்படியும் சில வகுப்புகள் நடக்கின்றன, அது வேறு இழை.

> ஆங்கிலத்தில் ஃபுட் என்றால் வேறு அல்லவா? அடி என்றால் மாணவர் குழம்ப மாட்டாரா?

நியாயமான ஐயம். ஃபுட் நம் சீருக்கு நிகர், அடிக்கு அல்ல. யுலிசிஸின் அடியில் அத்தகைய ஐந்து இருப்பதால் எண்ணிக்கைப்படி அது நெடிலடி. (எண்ணிக்கைப்படி மட்டுமே. நம் நேர், நிரை எழுத்தின் அளவால் அமைபவை, அவர்களுடையது அழுத்தத்தால்.) பத்தாம் வகுப்புக்குள் குறளடி, சிந்தடி படித்துவிட்ட பிள்ளைக்கு அடி என்றால் என்ன என்று தெரியும். "வரி" என்று மாற்றினால் இந்தத் தெளிவும் போய், நோட்டுப் புத்தகத்துக் கோடு வந்து சேரும்.

எதிர்ச்சொல்லுக்குத்தான் எனக்கு இன்னும் நிறைவில்லை. அடியோடு வாக்கியமும் நிற்கும் எண்ட்-ஸ்டாப்புக்கு "அடிநிற்றல்" என்று வைத்திருக்கிறேன். "அடிமறி" என்று ஒருவர் கேட்டார். "சூரல் பம்பிய சிறுகான் யாறே" பாட்டில் அடிகளை மாற்றிப் போட்டாலும் பொருள் கெடாது என்பது உண்மைதான். ஆனால் நின்ற அடியெல்லாம் இடம் மாறத் தக்கதல்லவே. "அடிமுற்று" என்றால் வினைமுற்றோடு மோதுகிறது. யாப்பு கற்றவர்கள் இந்த ஒன்றுக்கு மட்டும் வேறு பரிந்துரை அனுப்புங்கள். இயைபில்லாத ஆங்கிலப் பாவான பிளாங்க் வெர்ஸை, எதுகை, மோனை முதலிய தொடைகள் அமையாத செந்தொடை எனலாமா என்ற கேள்வியைத் தனி இழையாகத் தொடங்குவது நல்லது, இங்கே கலக்க வேண்டாம்.