தீட்டாத தானியம் கோத்தகிரிப் பக்கம் எங்கே கிடைக்கும்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு கூடியிருப்பதால், வெள்ளை அரிசியையும் மைதா பண்டங்களையும் குறைக்கும்படி மருத்துவர் கூறியுள்ளார். தானியத்தைத் தீட்டும்போது தவிடும் முளைக்கருவும் நீங்கி, அவற்றுடன் நார்ச்சத்தும் மக்னீசியமும் பி வைட்டமின்களில் பெரும்பகுதியும் போய்விடுகின்றன என்பதும், எஞ்சும் மாவுச்சத்து விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று உயர்த்துகிறது என்பதும் எங்களுக்குப் புரிகிறது. நடைமுறைதான் சிக்கல்.

சாமையும் கேழ்வரகும் விளைந்த மலை இது. ஆனால் எங்கள் கடைவீதியில் கிடைக்கும் சாமையோ அரிசியைப் போலவே வெளுக்கத் தீட்டப்பட்டிருக்கிறது. தவிடு நீக்காத சாமையோ கைக்குத்தல் அரிசியோ கோத்தகிரி, குன்னூர் பக்கம் எங்கே கிடைக்கும்? ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் இவை எளிதில் வேகுவதில்லை. எவ்வளவு நேரம் ஊறவைத்து, குக்கரில் எத்தனை விசில் விடுகிறீர்கள்? கேழ்வரகையும் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் சர்க்கரை வேகமாக ஏறக்கூடும் என்பதால், அதற்கு வேறு பக்குவம் தெரிந்தவர்களும் எழுதுங்கள்.

மாலைத் தேநீருடன் வர்க்கி இல்லாமல் அப்பாவால் இருக்க முடியவில்லை (இந்தக் குளிரில் அவரைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை). மைதாவும் கொழுப்பும் மிகுந்த அதற்கு மாற்றாக, பல்செட் அணிந்தவர் மெல்லக்கூடிய பண்டம் ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள். அவர் சர்க்கரைக்கு மாத்திரை மட்டுமே எடுத்துக்கொள்கிறார். சிறுநீரகக் கோளாறு இல்லை.