பட்டாசுக்குக் கட்டிய பணம்: போனதும் திரும்பி வந்ததும்

இணையம் வழியாகப் பொருள் வாங்கி ஏமாந்த நால்வர் ஒருவருக்கொருவர் எழுதியவை இவை. ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் ஊர் இருக்கிறது.

திருச்சி

2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு எங்கள் குடியிருப்பிலுள்ள 14 வீடுகளுக்கும் சேர்த்துச் சிவகாசியிலிருந்து பட்டாசு வரவழைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். மொத்தம் 21,400 ரூபாய். அதில் என் பணம் 1,500 மட்டுமே. மற்றதெல்லாம் அண்டை வீட்டார் என்னை நம்பிக் கொடுத்தது. ஆகவே இழப்பைவிட அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலைதான் என்னை அதிகம் வருத்தியது.

இணையம் வழியாகப் பட்டாசு வாங்கியவர்களுக்கு அந்த நடைமுறை தெரிந்திருக்கும். விலைப்பட்டியலில் கம்பி மத்தாப்பு, சங்குச் சக்கரம், பூச்சட்டி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணிக்கையைக் குறித்து அனுப்பினால், பணம் கட்டும் பக்கம் வராது; உங்கள் விலை விசாரிப்பு பெறப்பட்டது என்ற செய்திதான் வரும். மின்வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்த பிறகு, கடைக்காரர்களே தொலைபேசியில் அழைத்து, மதிப்பீட்டுச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பணம் வந்ததும் சரக்கை லாரி பார்சலில் ஏற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. உண்மையான கடைக்காரர்கள் பலரும் இப்படித்தான் விற்கிறார்கள் என்பதால், ஏமாற்றுகிறவனும் அதே வரிசையில் பேசும்போது சந்தேகம் எழுவதில்லை. பட்டியலில் 80 விழுக்காடு தள்ளுபடி என்றிருந்ததும் எனக்கு வியப்பாக இல்லை. சிவகாசி விலைப்பட்டியல்களில் அது எல்லோரும் போடுகிற கணக்குதான். நான் கவனிக்கத் தவறியது ஒன்றே ஒன்று: பணம் அனுப்பும்போது திரையில் வந்த பெயர் கடையின் பெயரன்று, யாரோ ஒரு தனிநபரின் பெயர். கேட்டதற்கு, "அது எங்கள் கணக்காளர் பெயர் அம்மா" என்று பதில் வந்தது. நானும் அதை ஏற்றுக்கொண்டேன்.

செப்டம்பர் 23 அன்று 9,000 ரூபாய் முன்பணம் அனுப்பினேன். அக்டோபர் 4, வெள்ளிக்கிழமை காலையில் லாரி ரசீதின் படம் வந்தது. சரக்கு திருச்சிக்கு வந்து இறங்கிவிட்டது, மீதியைக் கட்டினால் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 9.20 மணிக்கு 12,400 ரூபாயை அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து லாரி பார்சல் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு மேசையின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த ஓர் எண்ணைக் காட்டினார். என் ரசீதில் இருந்த அதே எண். "இந்த எண்ணைக் காட்டிக்கொண்டு இந்த வாரத்தில் நீங்கள் நான்காவது ஆளாக வருகிறீர்கள் அம்மா. இப்படி ஒரு ரசீதை நாங்கள் போடவே இல்லை" என்றார். அப்போது மணி 10.15.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். காவல் துறையை அழைக்காமல், அந்த விற்பனையாளரையே அழைத்தேன். முதலில் கோபப்பட்டேன், பிறகு கெஞ்சினேன், வீட்டில் உள்ளவர்களையும் பேச வைத்தேன். அந்த நபர் ஒரு சொல்கூடக் கடுமையாகப் பேசவில்லை. தவறு நடந்துவிட்டது, முழுப் பணத்தையும் திருப்பிவிடுகிறோம், கணக்குப் பிரிவில் சொல்லியிருக்கிறோம் என்று மணிக்கணக்கில் இழுத்தடித்தார். மாலை நான்கு மணி வாக்கில் ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அழுத்தினால் 21,400 ரூபாய் என் கணக்குக்கு வந்துவிடும் என்றார். ஸ்கேன் செய்தேன். ஆறு இலக்கங்களில் நான்கை அழுத்திய பிறகுதான் திரையின் மேல்பகுதியைப் பார்த்தேன். தொகை சரியாக இருந்தது. ஆனால் அதற்கு மேலே "செலுத்துக" என்றிருந்தது. கை நின்றுவிட்டது. யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. அதை அழுத்தச் சொல்லுகிற எவரும் நம் கணக்கிலிருந்து எடுக்கத்தான் பார்க்கிறார்.

4.30 மணிக்கு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்தேன். எந்த வங்கியிலிருந்து போனது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பெற்றவரின் யுபிஐ முகவரி என்ன, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள 12 இலக்க யுடிஆர் எண் என்ன என்று வரிசையாகக் கேட்டார்கள். இந்த யுடிஆர் எண் கைவசம் இல்லாமல் தேடிக்கொண்டிருந்ததில் ஐந்து நிமிடம் போயிற்று. அழைப்பதற்கு முன் அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒப்புகை எண் வந்ததும், தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் பொய் ரசீதையும் சேர்த்துப் புகாரை நிறைவு செய்தேன்.

சில வாரங்கள் கழித்துக் காவல் நிலையத்தில் பணம் போன வழியைக் காட்டினார்கள். செப்டம்பரில் கொடுத்த 9,000 அன்றைக்கே எடுக்கப்பட்டுவிட்டது. அக்டோபர் 4 அன்று அனுப்பிய 12,400, அரை மணி நேரத்துக்குள் வேறொரு வங்கியின் கணக்குக்கு மாறியிருந்தது. அங்கிருந்து மதியம் 1.05க்கு 7,200 ரூபாய் ஏடிஎம்மில் எடுக்கப்பட்டிருந்தது. மீதமிருந்த 5,200 ரூபாயைத்தான் என் புகாரால் முடக்க முடிந்தது. 10.15க்கு நான் 1930ஐ அழைத்திருந்தால், அந்த 7,200 ரூபாயும் கணக்கிலேயே இருந்திருக்கும். பணம் கொண்டுபோனவனிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்த ஆறு மணி நேரத்தின் விலை அது.

முடக்கிய பணம் தானாக வந்து சேர்ந்துவிடவில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதைப் பெற்று, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 503ஆவது பிரிவின்கீழ் (பழைய சட்டத்தில் 457) பணத்தை விடுவிக்கக் கோரி நீதித்துறை நடுவர் மன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கு அறிக்கை, ஆதார் நகல், முடக்கப்பட்ட தொகை பற்றிய காவல் நிலைய அறிக்கை ஆகியவற்றை இணைத்தோம். 5,200 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். அண்டை வீட்டார் பணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணமாக இருந்தது. 2025 பிப்ரவரி இறுதியில் பணம் கணக்கில் வந்தது.

ஓர் அச்சத்தையும் குறிப்பிட வேண்டும். இணையப் பட்டாசு விற்பனைக்கே தடை இருக்கும்போது புகார் கொடுத்தால் நம்மையே கேள்வி கேட்பார்களோ என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. உதவி எண்ணிலோ, நிலையத்திலோ, நீதிமன்றத்திலோ ஒருவர்கூட என்னை அப்படிக் கேட்கவில்லை.

கோயம்புத்தூர்

திருச்சி அம்மா எழுதியதைப் படித்தபோது, எனக்கு முழுப் பணமும் கிடைத்ததற்குக் காரணம் என் சாமர்த்தியமன்று, கடன் அட்டையில் கட்டியதுதான் என்பது இன்னும் தெளிவாயிற்று. சமூக ஊடக விளம்பரத்தைப் பார்த்து, நான்கு கிலோ எடையுள்ள பித்தளைக் குத்துவிளக்கு என்று நம்பி ஓர் இணையத் தளத்தில் 6,499 ரூபாய் கட்டினேன். வந்ததோ உள்ளங்கை அளவுள்ள ஓர் உறை. அதற்குள் ஒரு சாவிக்கொத்து. எதையாவது அனுப்பிவிட்டால் கூரியர் பதிவில் ஒப்படைக்கப்பட்டது என்று விழுந்துவிடும், அதை வைத்துப் பின்னால் வாதாடலாம் என்பது இவர்களுடைய வழி.

வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவித்து, சார்ஜ்பேக் கோரினேன்; அதாவது அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்டேன். அட்டை நிறுவனங்கள் பொதுவாக இதற்கு 120 நாள்வரை இடம் தருகின்றன என்றாலும், விற்பனையாளரின் சமாதானங்களைக் கேட்டுக்கொண்டே அந்த நாள்களைக் கழித்துவிடுபவர்கள் உண்டு. இரண்டு வாரத்தில் தற்காலிகமாக வரவு வைத்தார்கள். விற்பனையாளர் ஒப்படைப்புச் சான்றை அனுப்பியதும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலை, தூக்கி எறியாமல் வைத்திருந்த அந்த உறையை எடுத்துப் பார்த்தேன். கூரியர் ஒட்டுச்சீட்டில், முகவரிக்குக் கீழே, பொடி எழுத்தில் எடை அச்சிடப்பட்டிருந்தது: 80 கிராம். நான்கு கிலோ விளக்கு என்ற விளம்பரத்தின் படத்தையும் இந்தச் சீட்டின் படத்தையும் ஒரே பக்கத்தில் வைத்து, "80 கிராமில் நான்கு கிலோ விளக்கை அனுப்ப இயலாது" என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். புகார் கொடுத்த 52ஆம் நாள் 6,499 ரூபாயும் நிரந்தரமாக வரவாயிற்று.

இன்னொன்று. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையைக் காட்டி, மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வங்கியே பொறுப்பேற்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அது நம் அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைக்கானது. ஏமாற்றப்பட்டிருந்தாலும் ரகசிய எண்ணை நாமே அழுத்தி அனுப்பிய பணத்துக்கு அதைக் காட்டிக் கேட்டால் வங்கி ஏற்காது. ஆகவேதான் 1930இன் முடக்கம் அவ்வளவு முக்கியமாகிறது.

மதுரை

என்னுடையது சிறிய அனுபவம். பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் வாங்கிய கைப்பேசிப் பெட்டியில் இரண்டு துணிச்சோப்புக் கட்டிகள் இருந்தன. ஓடிபி சொல்லிப் பெற்றுக்கொண்டதால் திரும்பப் பெற முடியாது என்று தளம் கைவிரித்தது. வாடிக்கையாளர் சேவையிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு நேரடியாக எழுதினேன். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். ஒப்புகை வந்தது, தீர்வு வரவில்லை. பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பதிவு செய்தேன். பதினோராம் நாள் 17,999 ரூபாய் திரும்பியது. 1915 ஒரு நீதிமன்றமன்று, நிறுவனத்திடம் எடுத்துச் சொல்லிச் சமரசம் செய்து வைக்கும் இடம். அங்கும் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுவதற்கு மனுவைத் தயாராக வைத்திருந்தேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

திருச்சி அம்மாவிடம் ஒரு கேள்வி: புகார் கொடுத்த பிறகு உங்களுக்கு வேறு அழைப்புகள் வந்தனவா? எனக்கு வந்தன.

திருச்சி

வந்தன. நுகர்வோர் நீதிமன்றத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, 1,500 ரூபாய் கட்டினால் முழுத் தொகையும் அன்றே வரும் என்றார்கள். நான் இழந்த தொகை அவர்களுக்கு ரூபாய் பிசகாமல் தெரிந்திருந்ததுதான் என்னை உலுக்கியது. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துக் கொடுத்தேன்.

திருநெல்வேலி

இப்போதுதான் இவற்றையெல்லாம் படித்தேன். இளம்பிள்ளைத் தறியிலிருந்து நேரடியாக என்று சொன்ன ஒரு பக்கத்தில், என் நாத்தனார் திருமணத்துக்கு ஆறு புடவைகள் கேட்டு இன்று 11 மணிக்கு 7,800 ரூபாய் அனுப்பினேன். 11.40க்கு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். வேறொருவர் எண்ணிலிருந்து அவர்களை அழைத்துப் பேசிப் பார்க்கலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மணி 12.10.

திருச்சி

அழைக்காதீர்கள் தங்கையே. யுடிஆர் எண்ணை எழுதிக்கொண்டு முதலில் 1930க்கு அழையுங்கள். மற்றதைப் பிறகு எழுதலாம்.

திருநெல்வேலி

12.26க்கு ஒப்புகை எண் கிடைத்தது. எவ்வளவு முடங்கியது என்று இன்னும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் அண்ணன் சொன்னபடி விளம்பரத்தையும் உரையாடலையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். மாலையில் நிலையத்துக்குப் போகிறேன்.