சிறைக்குள் இருந்து தானே மனு எழுதலாமா?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
சிறையில் இருக்கும் என் தம்பி, தனக்கு மருத்துவம் மறுக்கப்படுவது குறித்து வழக்கறிஞர் இல்லாமல் தானே உயர் நீதிமன்றத்துக்கு எழுத விரும்புகிறான். வெறும் கடிதத்தை நீதிமன்றம் ஏற்குமா?

பதில் 1:
ஏற்கலாம், அண்ணாச்சி. திகார் சிறையில் சக கைதியை வார்டர் கொடுமைப்படுத்தியதைச் சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி கடிதமாக எழுத, உச்ச நீதிமன்றம் அதையே ஆட்கொணர்வு மனுவாக (காவலில் இருப்பவரை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் மனு) எடுத்துக்கொண்டு 1979இல் தீர்ப்பளித்தது. நெல்லைக்கு உரியது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தை நேரடியாக நாட வழிசெய்யும் அரசமைப்பின் 226ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதட்டும். தேதியும், கேட்ட மருந்தும், மறுத்தவரின் பதவியும் இல்லாத கடிதம் புலம்பலாகவே படிக்கப்படும்.

பதில் 2:
நேரில் வாதாட அனுமதி கேட்கலாம் என்றாலும், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி, காவலில் இருப்பவர் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் பெறலாம்.

கேட்டவர்:
நன்றி. அடுத்த நேர்காணலில் தேதிகளைக் கேட்டுக் குறித்து வருகிறேன்.