உயிர் எலி தின்று பழகிய பால் பைத்தான், ஃப்ரோசன் எலியைத் தொட மறுக்கிறது

லெனேசியா_குட்டி:
எல்லாருக்கும் வணக்கம், தென்னாப்பிரிக்காவில் ஜோபர்க் (ஜோஹானஸ்பர்க்) பக்கம் லெனேசியாவிலிருந்து. என்னிடம் ஒரு பால் பைத்தான் (ball python, பந்தாகச் சுருளும் மலைப்பாம்பு) இருக்கிறது. ஆண், வயது 14 மாதம், எடை 620 கிராம். முன்பு வளர்த்தவர் உயிர் எலிதான் போட்டிருக்கிறார். என்னிடம் வந்து ஆறு வாரம். வந்த மூன்றாம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை ஃப்ரோசன் எலி (கொன்று உறையவைத்தது) உருக்கிக் கொடுக்கிறேன். நாக்கை நீட்டிப் பார்க்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். வந்தபோது 640 கிராம் இருந்தது. எலி ஒவ்வொன்றும் 90 கிராம். கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவைக்கிறேன். இரண்டு முறை வயிறு வெடித்து நாறிவிட்டது. கண்ணாடித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிய வட்ட மீட்டர் 28 டிகிரி காட்டுகிறது. பேசாமல் உயிர் எலியே வாங்கிப் போட்டுவிடலாமா? அம்மா வேறு சமையலறை ஃப்ரீசரில் எலியைப் பார்த்துவிட்டு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

சட்டை_உரிச்சவன்:
எலியை விடுங்கள், முதலில் தொட்டியைப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற மீட்டர் அந்த இடத்துக் காற்றைத்தான் அளக்கும், பாம்பு படுக்கிற தரையை அளக்காது. ஒயர் முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, முனையைச் சூடான பக்கத்துப் பதுங்கும் பெட்டிக்குள் தரையோடு வையுங்கள். அங்கே 31 முதல் 33 வரை இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் 25 முதல் 27. ஹீட் மேட்டை (தொட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பு) தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் நேராக பிளக்கில் சொருகியிருந்தால் இன்றே கழற்றுங்கள். அது அடிவயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கும்.

ஜூன், ஜூலையில் உங்கள் பக்கம் ராத்திரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகும். மேலே வலை மூடி உள்ள கண்ணாடித் தொட்டியில் சூடும் ஈரமும் அப்படியே மேலே ஓடிவிடும். வலையில் முக்கால் பங்கைப் பலகையாலோ அலுமினிய ஃபாயிலாலோ மூடுங்கள். ஹைவெல்ட் (ஜோபர்க் இருக்கும் மேட்டு நிலம்) குளிர்காலக் காற்று வறண்டது, ஈரப்பதம் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதீர்கள். குளிர்ந்த பாம்பு சாப்பிடாது; சாப்பிட்டாலும் செரிக்காமல் சில நாளில் கக்கிவிடலாம்.

அடுத்தது எலியின் அளவு. 620 கிராம் பாம்புக்கு 90 கிராம் எலி பெரிது. 45 முதல் 60 கிராம் போதும். தராசு இல்லையென்றால், பாம்பின் உடம்பில் தடித்த இடத்தைவிட எலி அதிகம் தடிமனாக இருக்கக் கூடாது என்று பாருங்கள்.

இனி உருக்குவது. கொதிதண்ணீர் தோலை வேகவைத்துவிடும், உள்ளே ஐஸ் ஐஸாகவே இருக்கும், வயிறு வெடிக்கும். ஜோபர்க் உயரத்தில் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் எலிக்கு அதுவும் சமையல்தான். மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள். முதல் நாள் ராத்திரி எலியை ஜிப்லாக் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் சாயங்காலம் பையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம். கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குளிர்காலக் குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறக்குறைய 40 டிகிரி வரும். பிறகு வயிற்றை இரண்டு விரலால் அமுக்குங்கள். உள்ளே கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் உருகவில்லை, தண்ணீரை மாற்றி மறுபடி வையுங்கள்.

கொடுப்பதற்குச் சற்று முன்னால் தலையை மட்டும் 50 டிகிரித் தண்ணீரில் ஒரு நிமிஷம் பிடியுங்கள், பையோடுதான். பால் பைத்தானுக்கு மேலுதட்டில் சூட்டை உணரும் குழிகள் வரிசையாக உண்டு. இருட்டில் அது எலியின் சூட்டைத்தான் குறிபார்க்கிறது. உடம்பு 38, தலை அதைவிடச் சற்றுச் சூடு என்றால் தலையைக் குறிவைத்துப் பாயும். எலி ஈரமாக இருந்தால் கிச்சன் பேப்பரில் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் தொட்டியில் போட்ட மரத்தூளெல்லாம் அதில் ஒட்டி, பாம்பின் வாய்க்குள் போகும்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
தம்பி, பாம்பு மெலிந்துவிட்டது என்று பதற வேண்டாம். 640இல் 20 கிராம் குறைந்தது மூன்று சதவீதம்தான். பத்து சதவீதத்தைத் தாண்டினால், அல்லது வாயில் நுரையோ மூச்சில் விசில் சத்தமோ வந்தால், ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் போங்கள். இந்த வயது ஆண் பாம்பு குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதம் பட்டினி கிடப்பது சாதாரணம். சட்டை உரிக்கப் போகிற நேரத்திலும், கண் பால் படிந்தாற்போல இருக்கும்போது, எதையும் கொடுக்க வேண்டாம்.

வாராவாரம் நீட்டுவதை நிறுத்துங்கள். புதிதாக வந்த பாம்பை ஒரு வாரம், பத்து நாள் தொடாமல் விட்டிருக்க வேண்டும். இனி 10 முதல் 14 நாளுக்கு ஒரு முறை, இருட்டிய பிறகு, அறை விளக்கை அணைத்துவிட்டு. 30 சென்டிமீட்டர் நீள இடுக்கியால் எலியின் முதுகைப் பிடித்து, பதுங்கும் பெட்டியின் வாசலில் மெல்ல அசையுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள், பயந்து பந்தாகச் சுருண்டுவிடும். பால் (ball, பந்து) என்ற பெயரே அதனால்தான். (பாலூற்ற வேண்டிய பாம்பு இல்லை இது. எந்தப் பாம்புக்கும் பால் ஆகாது.) ஐந்து நிமிஷத்தில் எடுக்கவில்லையென்றால் வாசலில் வைத்துவிட்டுப் போங்கள், காலையில் பாருங்கள். சாப்பிட்டால் 48 மணி நேரம் கையில் எடுக்கக் கூடாது.

உயிர் எலி வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் பல். பசியில்லாத பாம்போடு ஒரு ராத்திரி விட்டால் எலி அதன் முதுகைக் கொறித்து எலும்புவரை போகும், பாம்பு எதிர்க்காமல் படுத்திருக்கும். இன்னொன்று சட்டம்: 1962ஆம் ஆண்டின் 71ஆம் எண் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஒரு விலங்கை இன்னொன்று தாக்கும்படி திறந்துவிடுவதைக் குற்றம் என்கிறது. வீட்டில் பிடித்த எலியோ, அதைவிட மோசம்: தெருவில் பொட்டலத்தில் விற்கும் எலி மருந்தை அது தின்றிருக்கலாம், பாம்பும் சேர்ந்து போகும்.

பழக்கத்தை மாற்ற நடுவில் ஒரு படி உண்டு. எலி வளர்ப்பவரிடம் அப்போதுதான் கொன்ற எலி கேளுங்கள், சூடு ஆறுவதற்குள் இடுக்கியால் கொடுங்கள். இரண்டு முறை எடுத்துவிட்டால் மூன்றாவது முறை ஃப்ரோசன். அப்போதும் பிகு பண்ணினால், எலிக்கூண்டின் பழைய மரத்தூளில் புரட்டிக் கொடுங்கள். கடைசியாக, மண்டையில் ஊசியால் குத்தி மூளை துளி வெளியே தெரியும்படி செய்வது. பார்க்கச் சகிக்காது, ஆனால் பிடிவாதக்காரப் பாம்பும் அந்த வாசனைக்கு வாய் திறக்கும்.

ஏ.எஸ்.எஃப். என்று விற்கிற ஆப்பிரிக்க மெத்துமயிர் எலியும் இருக்கிறது. அறிவியல் பெயர் மாஸ்டோமிஸ் நேட்டாலென்சிஸ், பெயரிலேயே நம்ம நேட்டால் (மாரிட்ஸ்பர்க் இருக்கிற பகுதி). மேற்கு ஆப்பிரிக்கக் காட்டில் பால் பைத்தான் தின்பவற்றில் இந்த வகை எலிகளும் உண்டு, அதனால் பல பாம்புகள் பார்த்தவுடன் எடுக்கும். ஆனால் ருசி கண்டுவிட்டால் சில பாம்புகள் சாதா எலியைத் திரும்பிப் பார்க்காது. விலையைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

சட்டை_உரிச்சவன்:
அம்மா விஷயம்: அம்மா சொல்வதுதான் சரி. சாப்பாட்டு ஃப்ரீசரில் எலி வைக்கக் கூடாது, சால்மொனெல்லா ஐஸில் சாகாது. கராஜில் பழைய சின்ன ஃப்ரீசர் ஒன்று, மைனஸ் 18 டிகிரி, பைமேல் தேதி எழுதி ஆறு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். புரட்டாசி வரும்போது எப்படியும் இந்தச் சண்டை வந்திருக்கும். உருக்கும் பாத்திரம், இடுக்கி எல்லாம் தனி; அவற்றை சமையலறை சிங்க்கில் கழுவ வேண்டாம். மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். வெட்டு அட்டவணை உள்ள ராத்திரியில் பாம்புக்குச் சாப்பாடு போடவும் வேண்டாம், செரிக்கச் சூடு வேண்டும்.

லெனேசியா_குட்டி:
டிஜிட்டல் வைத்துப் பார்த்தேன் அண்ணா. தரை 24.5! தெர்மோஸ்டாட்டுக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். அக்கா, ராத்திரி வைத்து அது தொடாத எலியைத் திரும்ப ஃப்ரீசரில் போடலாமா? விலை கொடுத்து வாங்கியது.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
கூடாது தம்பி. சூடாக்கி ராத்திரி முழுக்கக் கிடந்த எலியில் கிருமி பெருகியிருக்கும். இரண்டு பையில் கட்டி, குப்பை வண்டி வருகிற காலையில் மட்டும் வெளியே வையுங்கள். எங்கள் பக்கம் குரங்கு பையைக் கிழிக்கும், உங்கள் பக்கம் நாய்.