ராக்கர் ஸ்டார்ட் ஏமாத்து வேலையாம், கேட்டீங்களா

மூணாம்பேஸ்_கோச்:
நேத்து பண்ட் (மட்டைய நீட்டி பந்த மெல்லத் தட்டி விடுறது) பத்தின திரில ஒருத்தர் போகிற போக்குல எழுதிட்டுப் போயிருக்கார், சாஃப்ட்பால் ஆடுற சின்னப் பொண்ணுங்களுக்கு ராக்கர் ஸ்டார்ட், அதாவது பேஸ்ல முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்த ஆரம்பிக்கிறது, சொல்லிக் குடுக்கிறது அம்பயர் கண்ணுல மண்ணத் தூவுற வேலையாம், பேஸ்ல ஒரு கால் முன்னாடி ஒரு கால்னு சும்மா நின்னா போதுமாம். ராத்திரி தூக்கமே வரல. ஐயா, சாஃப்ட்பால்ல லீட் எடுக்க, அதாவது முன்கூட்டியே பேஸ விட்டு நகர, முடியாது, பந்து பிட்சர் (பந்து போடுறவ) கைய விட்டுப் போற வரைக்கும் கால் பேஸ்ல ஒட்டியிருக்கணும், அடுத்த பேஸுக்கு ஓட வேண்டியது 60 அடி. அதுல ஒரு எட்டு மிச்சம் பிடிக்கத்தான் வலது கால பேஸுக்குப் பின்னாடி வச்சு, பிட்சர் கை சுத்தும்போதே உடம்ப முன்னாடி சாய்ச்சு, விடுற நேரத்துல இடது காலால பேஸ உதைச்சுட்டுப் போறது. இடது கால், பேஸோட முன் விளிம்புல. இதுல ஏமாத்து எங்க வந்துச்சு?

விண்ட்மில்_அப்பா:
எழுதினது நான்தான் சார், பேரச் சொல்லியே திட்டலாம். என் பொண்ணு பிட்சர். அவ போடும்போது எதிர் டீம் பொண்ணுங்க ஆடி ஆடி நிக்கிறத வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிட்சர் கை இன்னும் தலைக்கு மேல இருக்கு, ரன்னரோட இடது ஷூ ஏற்கனவே மண்ணுல இருக்கு. பேஸ்ல இல்ல, மண்ணுல. இதுக்குப் பேர் என்ன?

மூணாம்பேஸ்_கோச்:
அதுக்குப் பேர் சீக்கிரம் கிளம்பினது, ராக்கர் இல்ல. தப்பா செஞ்சா எதுவுமே தப்புதான்.

புதுசா_வந்தவன்:
ஒரு சந்தேகம், ராக்கர்னு ரெண்டு பேரும் ஒண்ணத்தான் சொல்றீங்களா?

விண்ட்மில்_அப்பா:
ஆடிக்கிட்டே நிக்கிற பொண்ணுக்கு எப்ப நிறுத்தணும்னு தெரியாது சார். பத்து வயசு. உடம்பு முன்னாடி போயிடுச்சுன்னா கால் எப்படி பேஸ்லயே இருக்கும்? பெரும்பாலான ரூல்புக்ல முன்னாடி கிளம்பினா பந்து செத்துப் போச்சு (ஆட்டம் அங்கயே நிக்கும்), ரன்னர் அவுட். நல்லா ஓடுற பிள்ளைய நீங்களே அவுட் ஆக்குறீங்க.

மூணாம்பேஸ்_கோச்:
கை இடுப்புக்கு வரும்போது கால் கிளம்பணும். இடுப்பு! இத நூறு தடவ சொல்லியாச்சு. ஒரு பொண்ணு வந்தா, முதல் நாள் பயத்துல பேஸ விட்டே நகர மாட்டா, ஷூ நுனிய பேஸ் விளிம்புல வச்சுட்டு கீழயே பார்த்துட்டு நிப்பா. பிட்சரோட இடுப்ப மட்டும் பாரு, காலப் பாக்காதேன்னு சொன்னேன், அவ்ளோதான், நாலாவது வாரம் கேட்சர் பந்தப் பிடிச்சு எந்திரிக்கிறதுக்குள்ள அவ பாதி தூரத்துல. சும்மா நின்னு ஓடுற பொண்ணு அந்த நேரத்துக்கு ரெண்டு எட்டுகூட வச்சிருக்க மாட்டா.

பழைய_கேட்சர்:
ரெண்டு எட்டா நாலு எட்டான்னு நான் வேணா சொல்றேன், எறிஞ்சவன் நான்தான். ஆனா பேச்சு ஆரம்பிச்சது பண்ட் திரிலதானே? பண்ட்டே வராத பிள்ளைங்களுக்கு ஸ்டீல், அதாவது பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓடுறது, எதுக்கு? ரெண்டு ஸ்ட்ரைக் இருக்கும்போது பண்ட் ஃபவுல் (கோட்டுக்கு வெளிய) போனா அவுட்னு தெரியாத பிள்ளைங்கள நான் பார்த்திருக்கேன். மேல் கைய மட்டைல முழுசா சுத்திப் பிடிச்சு, விரல்ல பந்து பட்டு அழுதுட்டுப் போறதுங்க.

ஸ்லாப்பர்_அம்மா:
பண்ட் மட்டுமா அண்ணே, ஸ்லாப்? எங்க பொண்ண இடது பக்கம் நிக்க வச்சு ஓடிக்கிட்டே அடிக்கச் சொல்லிக் குடுத்தோம். நட்டாஷா வாட்லி 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின அமெரிக்க டீம்ல அப்படித்தான் ஆடினாங்க. மட்டைல பந்து படும்போது கால் அடிக்கிறவ நிக்கிற பாக்ஸுக்கு வெளிய மண்ணுல இருந்தா அவுட், அத மட்டும் பழகிட்டா போதும்.

விண்ட்மில்_அப்பா:
பாருங்க, அங்கயும் கால்தான் பிரச்சனை.

மூணாம்பேஸ்_கோச்:
எல்லா வலது கைப் பிள்ளையையும் இடது பக்கம் திருப்புறது இன்னொரு கூத்து. போன தடவ பேஸுக்கு சறுக்கிப் போறது பத்திப் பேசும்போதும் அக்கா இப்படித்தான் நடுவுல ஸ்லாப்ப கொண்டு வந்தாங்க.

ஸ்லாப்பர்_அம்மா:
போன தடவ நீங்கதான் தம்பி "முட்டில ரத்தம் வந்தாதான் கத்துக்கும்"னு எழுதி, அப்புறம் சத்தமில்லாம அழிச்சீங்க. எனக்கு ஞாபக மறதி இல்ல.

மூணாம்பேஸ்_கோச்:
அழிக்கல, திருத்தினேன்.

ஜப்பான்_ரசிகன்:
எல்லாரும் ஜப்பானப் பாருங்கய்யா. 2008 ஒலிம்பிக் ஃபைனல்ல அமெரிக்காவ 3-1னு ஜெயிச்சாங்க, 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக் ஃபைனல்ல 2-0. பண்ட், ஸ்லாப், ஓட்டம், இதுதான் அவங்க ஆட்டம்.

பழைய_கேட்சர்:
2008 ஜெயிச்சது அவங்க பிட்சர் உஎனோ யுகிகோ கையால தம்பி, ரெண்டு நாள்ல 413 பந்து போட்டாங்க. பண்ட்டால ஜெயிச்சாங்கன்னு சொன்னா அந்தக் கையே கோச்சுக்கும்.

ஜப்பான்_ரசிகன்:
ரன் எடுக்காம வெறும் பிட்சிங்ல எப்படி ஜெயிப்பாங்க?

மூணாம்பேஸ்_கோச்:
ஜப்பான் இருக்கட்டும். விண்ட்மில் சாருக்கு ஒண்ணே ஒண்ணு. உங்க பொண்ணு போடும்போது எதிர் டீம் ஸ்டீல் பண்ணுது, அதான உங்க வயித்தெரிச்சல்? ஆட்டம் தெரியாதவங்க மேடை கோணல்னாங்களாம்.

விண்ட்மில்_அப்பா:
வயித்தெரிச்சல்தான், ஒத்துக்கறேன். என் பொண்ணு கரெக்டா 40 அடில நின்னு போடுறா, அவ பிட்சர் சர்க்கிள்ல பந்தோட நிக்கும்போது எதிர் டீம் ரன்னர் பேஸுக்கு நடுவுல டான்ஸ் ஆடிட்டு இருக்கா, ஒண்ணு முன்னாடி போகணும் இல்ல திரும்பணும், ரூல் அப்படித்தான், அதையும் யாரும் சொல்லிக் குடுக்கல போல. அவளோட கோச் யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

மூணாம்பேஸ்_கோச்:
அவ டான்ஸ் ஆடல, கேட்சர் எறியப் போறாளான்னு பார்த்தா. அதையும் வீடியோ எடுத்து வச்சிருப்பீங்களே, போடுங்க.

விண்ட்மில்_அப்பா:
போடறேன். இடது காலையும் சேர்த்துப் போடறேன். கை தலைக்கு மேல, கால் மண்ணுல.

மூணாம்பேஸ்_கோச்:
எந்தப் பக்கத்துல இருந்து எடுத்தது? பிட்சருக்குப் பின்னாடி நின்னு எடுத்தா ஷூவும் பேஸும் ஒண்ணா தெரியும், பக்கவாட்டுல எடுத்தாத்தான் கணக்கு. போன் கேமரால கை மங்கலாத்தான் இருக்கும், பந்து எப்ப விட்டாள்னே தெரியாது. நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே கால், அதுலயும் இடது கால் மட்டும்.

பழைய_கேட்சர்:
வீடியோ வந்தா பாக்கலாம். அதுக்குள்ள யாராவது பண்ட்டுக்கு மேல் கை எங்க இருக்கணும்னு பேசுவோமா?

மூணாம்பேஸ்_கோச்:
பேசலாம் அண்ணே. முதல்ல இந்த இடது கால்...

புதுசா_வந்தவன்:
நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல.

விண்ட்மில்_அப்பா:
வீடியோ ஏறிட்டிருக்கு. 4 நிமிஷம். ரெண்டாவது நிமிஷத்துல நிறுத்திப் பாருங்க.

மூணாம்பேஸ்_கோச்:
பார்த்தேன். அது வலது கால்.